பிரசவத்துக்கு முன் ஒரு வேளைச் சாப்பாடு

தலைப்பைப் பார்த்து ஏதோ சீமந்தச் சமாசாரம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நான் சொல்லப் போவது பன்றியைப் பற்றி. முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! பிள்ளை பெற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் அந்த ஜீவனிடம் அநுதாபம் உண்டாகாமல் போகாது.

டென்மார்க் தேசத்தில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். நிறையக் குட்டி போடும் வம்சமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்து, ஓர் ஈற்றுக்கு 17, 18 குட்டிகள் என்று ஆக்கிவிட்டார்கள். காம்புகளோ பெரும்பாலும் 14! மிச்சக் குட்டிகளை வேறு தாயிடம் விடுகிறார்கள்.

கர்ப்பம் சுமார் 115 நாள். நாள் நெருங்கியதும் தாய்ப்பன்றிக்கு இருப்புக் கொள்ளாது. வைக்கோல் கிடைத்தால் வாயில் கவ்விக் கவ்விக் கொண்டு வந்து படுக்கை போடுவாள். ('அது' என்று எழுத மனம் வரவில்லை.) வைக்கோலே இல்லாத சிமெண்டுத் தரையில், கம்பிச் சட்டத்துக்குள் நிற்கும்போதுகூட முன்னங்கால்கள் தரையைப் பறித்துக்கொண்டே இருக்குமாம். இதைப் படித்தபோது எனக்கு மனசை என்னவோ செய்தது.

இந்த அலைச்சலுக்குப் பிறகு 17 குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ள வேண்டுமே, அதற்குச் சக்தி வேண்டாமா? கர்ப்பப்பையும் ஒரு தசைதான். அது வேலை செய்ய இரத்தத்தில் குளுக்கோஸ் வேண்டும். பல பண்ணைகளில் தீனி இரண்டே வேளை. பிரசவமோ கடிகாரம் பார்த்து வருவதில்லை!

ஆர்ஹுஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆராய்ச்சி செய்து 2018-ல் வெளியிட்டார்கள். தாய் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, பிரசவம் ஆரம்பித்தது எப்போது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். சாப்பிட்டு 3 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தவர்களுக்குச் சுமார் 4 மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. 6 மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு இருந்தவர்களுக்குப் பிரசவம் வெகுவாக நீண்டது. செத்துப் பிறந்த குட்டிகளும் அதிகம். ஆள் உதவி தேவைப்பட்டதும் அதிகம். பெரிய மருந்து ஒன்றுமில்லை, பாருங்கள். ஒரு வேளைத் தீனி!

ஆகவே கடைசி நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நாலு வேளை வைக்கலாம். நார்ச்சத்தும் சேர்க்கலாம். சர்க்கரை பீட் கிழங்கின் சாற்றைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை இருக்கிறதே, அது பெருங்குடலில் மெதுவாகப் புளித்து, சாப்பிட்டு வெகு நேரம் கழித்தும் சக்தி கொடுக்கும். மலச்சிக்கலும் வராது. "அப்படியானால் எங்களுக்கும் இது பொருந்துமா?" என்று கேட்பீர்கள். அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நான் பன்றியோடு நிறுத்திக் கொள்கிறேன்.

பிறந்த குட்டிக்கு முதல் நாளே சீம்பால் கிடைத்தாக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து அதற்கு வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. பிறகு ஏறக்குறைய மணிக்கு ஒரு தரம் பால். சுரப்பது அரை நிமிஷம்கூட இல்லை! அதற்குள் ஒவ்வொரு குட்டியும் தன் சொந்தக் காம்பில் வாய் வைத்தாக வேண்டும். அடுத்தவன் காம்பைத் தொட்டால் சண்டைதான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாளைக்கு 10 கிலோவுக்கு மேல் பால் கொடுக்கிறாள். கர்ப்பத்தில் 2, 3 கிலோ தின்றவளுக்கு இப்போது 7, 8 கிலோ வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் ஏற்காது. படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். தலைச்சன் ஈற்றுக்காரி பாடு இன்னும் மோசம். அவளே இன்னும் வளர்ந்து முடியவில்லை. தேவையான அளவு தின்னவும் முடியாது. பாலை மட்டும் குறைக்க மாட்டாள். கொழுப்பைக் கரைப்பாள், பிறகு சதையையும் கரைப்பாள். வெயில் காலமானால் தீனியே இறங்காது. பன்றிக்கு வேர்த்து உடம்பு ஆறுவதில்லை. விடியற்காலைக் குளிர்ச்சியில் தீனியும், எந்நேரமும் தாராளமாகத் தண்ணீரும் வைப்பவனே கெட்டிக்காரன்.

நாலு வாரத்தில் குட்டிகளைப் பிரித்துவிடுகிறார்கள். முதுகில் கொழுப்பு எவ்வளவு மிச்சம் என்று கருவி வைத்து அளக்கிறார்கள். ரொம்பவும் கரைந்து போனவளுக்கு மறுபடி பருவம் தள்ளிப் போகும். அடுத்த ஈற்றில் குட்டியும் குறையும். ஓரளவு தேறியிருப்பவளுக்கு நாலைந்து நாள்தான் ஓய்வு. பிறகு மீண்டும் அந்த 115 நாள் கணக்கு ஆரம்பம்.