பெயர் தெரியாத பேரல்

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு சாயப்பட்டறையின் கெமிக்கல் ஸ்டோரில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது காங்கயம் பக்கம் சொந்த ஊரில் தென்னையும் நாலு மாடும்தான். ஊர் திரும்பியதிலிருந்து பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, சாயப்பட்டறை நீலப் பேரல் மலிவாக் கிடைக்குதுங்க. ஜீவாமிர்தம் கலக்க வாங்கலாமுங்களா?"

நான் திருப்பிக் கேட்பேன்: "அதுல முன்னே என்ன இருந்துச்சு?" பெரும்பாலும் பதில் வராது. லேபிளைச் சுரண்டிக் கழுவி, புதுசு போலத்தான் விற்கிறார்கள்.

சாயப்பட்டறைச் சரக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரிக்கும். ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஆசிட் மிச்சமிருக்கும் கேனில் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். உள்ளே இருப்பது எது என்று லேபிள்தான் சொல்லும்.

அபாயகரக் கழிவு பற்றிய மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகளில், லேபிள் எப்படி இருக்க வேண்டும் என்று எட்டாம் படிவம் சொல்கிறது. பளீர் மஞ்சள் பின்னணி. 'அபாயகரக் கழிவு', 'கவனமாகக் கையாளவும்' என்ற வார்த்தைகள் சிவப்பில், இந்தி, ஆங்கிலம், உள்ளூர் மொழி மூன்றிலும். மழையில் அழியக் கூடாது. கழிவின் வகை, அளவு, எதனோடு சேரக் கூடாது, அனுப்புபவர், பெறுபவர், ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் எல்லாம் இருக்க வேண்டும்.

மூன்று மொழி எதற்கு என்று ஸ்டோரில் நின்றால் புரியும். பேரலை ஏற்றுபவர் ஒடிசாக்காரர். வண்டி ஓட்டுபவர் நம்மூர்க்காரர். வழியில் ஒழுகினால் முதலில் ஓடி வருபவர் ரோட்டோரத் தோட்டக்காரர்.

கெமிக்கல் ஒட்டியிருக்கும் காலிப் பேரலும் அதே விதிகளின்படி அபாயகரக் கழிவுதான். அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே அது போக வேண்டும். பழைய இரும்புக் கடை வழியாக நம் மாட்டுத் தொட்டிக்கு வரக் கூடாது.

பூச்சி மருந்து டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கடும் விஷம் என்று நமக்குத் தெரியும். அதே கண்ணோடு பேரலையும் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதில் தண்ணீர் பிடிக்காதீர்கள், தீவனம் கொட்டாதீர்கள். வெட்டவோ எரிக்கவோ வேண்டாம். குழந்தைகள் நெருங்காத இடத்தில் மூடி வைத்துவிட்டு, மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் தெரிவியுங்கள். ஜீவாமிர்தத்துக்குத் தண்ணீர் பிடிக்கவென்றே விற்கும் புது டிரம் போதும்.