ஒற்றைத் தடப் பாலம்



மும்பையில் எங்கள் குடும்பம் முதன்முதலாகக் குடியேறிய அறையின் அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி. சமையல், உறக்கம், பிள்ளைகளின் பாடம், ஜெபம் யாவும் அதற்குள்ளேதான். இதை வாசிக்கிற உங்களில் அநேகருக்கும் அப்படிப்பட்ட ஓர் அறை நினைவில் இருக்கும். 2024 நவம்பரில் நியூசிலாந்தின் தென் தீவில், ஒரு வண்டிக்குள் ஆறு பேராக ஏழு நாட்கள் வாழ்ந்தபோது, அந்த அறை எனக்குத் திரும்பவும் கிடைத்தது.

என் மூத்த மகன் கிறைஸ்ட்சர்ச் நகரில் வேலை செய்கிறான். அவன் அந்நாட்டிற்குப் புறப்பட்டபோது நான் மனப்பூர்வமாக அனுப்பவில்லை. நான் அவனுக்கென்று எண்ணி வைத்திருந்த வழி வேறு. அன்று பேசிய கடினமான வார்த்தைகளுக்குப்பின், நான்கு ஆண்டுகளாக எங்களுக்குள் நலம் விசாரிப்பு மட்டுமே இருந்தது. "அப்பாவும் அம்மாவும் ஒருமுறை வாருங்கள்" என்று அவன் அழைத்தபோது, என் மனைவி எனக்காகக் காத்திராமல் சம்மதம் சொல்லிவிட்டாள்.

அந்நாட்டிற்குள் உணவுப்பொருள் கொண்டுசெல்வோர் யாவற்றையும் படிவத்தில் எழுதிக் காட்டவேண்டும். மறைத்துவைத்த ஒரு பழத்திற்கும் 400 நியூசிலாந்து டாலர் அபராதம் உண்டு. என் மனைவி மசாலாப் பொடிகளை எழுதிக் காட்டினாள். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைக் கூடையில் போட்டுவிட்டாள்.

மகன் வாடகைக்கு எடுத்திருந்தது கேம்பர் வேன். பகலில் இருக்கைகளாய் இருப்பவை இரவில் கட்டில்களாகும். எரிவாயு அடுப்பு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, சிறு கழிப்பறை எல்லாம் அதற்குள் உண்டு. ஒவ்வொரு காலையும் அலமாரிக் கதவுகளைத் தாழிட்டு, எரிவாயுவை அடைத்த பின்னரே வண்டி நகரவேண்டும். முதல் நாள் ஒரு தாழ்ப்பாள் மறந்துபோயிற்று. முதல் வளைவிலேயே எங்கள் சாம்பார் பாத்திரம் தரைக்கு வந்தது. பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். மகனும் நானும் ஆளுக்கொரு துணியை எடுத்துத் தரையைத் துடைத்தோம். பேசவில்லை.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரி ஏறக்குறைய 225 கிலோமீட்டர். வழியில் ஃபேர்லி என்னும் சிற்றூரைக் கடந்து பர்க்ஸ் கணவாயில் ஏறினால், பசுமையான பண்ணைகள் மறைந்து, பொன்னிறப் புல் படர்ந்த அகன்ற மேட்டுநிலம் விரிகிறது. அதன் பெயர் மெக்கென்சி பள்ளத்தாக்கு. 1855-ல் திருட்டு ஆடுகளோடு அங்கே பிடிபட்டதாகச் சொல்லப்படும் ஒரு மேய்ப்பனின் பெயரே அந்நிலத்திற்கு வழங்கிவருகிறது.

டெக்காப்போ ஏரியின் நீலம் வானத்தின் நீலமன்று. பனியாறுகள் மலைப்பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கின்றன. அந்த நுண்ணிய கல்மாவு நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் பால் கலந்தாற்போன்ற அந்த நிறம் தோன்றுகிறது. கரையில் 1935-ல் கட்டப்பட்ட நல்ல மேய்ப்பன் ஆலயம் இருக்கிறது. கல்லால் கட்டிய சிறிய ஆலயம். பீடத்திற்குப் பின்னே வண்ணக் கண்ணாடிச் சித்திரங்கள் இல்லை. ஒரு சாளரம் மட்டுமே. அதன் வழியே ஏரியும் பனிமலைகளும் தெரிகின்றன. அங்கே பிரசங்கம் செய்கிறவர் மிகச் சுருக்கமாகவே பேசவேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அவ்வட்டாரத்தில் 4,300 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு 2012 முதல் இருள்வானக் காப்பகமாக இருக்கிறது. விளக்குகளின் ஒளி மேலே சிதறாதபடி கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். மும்பையில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவனாகிய நான், என் சிறுவயதில் திருநெல்வேலிக் கிராமத்து மொட்டைமாடியில் கண்ட வானத்தை அங்கே மறுபடியும் கண்டேன்.

மறுநாள் புக்காக்கி ஏரியோரமாய் ஆவோராக்கி மலையடிக்குச் சென்றோம். மவுண்ட் குக் என்பதும் அதுவே. 1991 டிசம்பரில் அதன் உச்சியிலிருந்து பெரும்பாறையும் பனியும் சரிந்து விழுந்தன. முன்னர் 3,764 மீட்டர் என்றிருந்த உயரம், 2013-ல் அளந்தபோது 3,724 மீட்டராய் இருந்தது. மலையும் தாழ்கிறது என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அதன்பின் 971 மீட்டர் உயரமுள்ள லிண்டிஸ் கணவாயைத் தாண்டி, வனாக்கா வழியாக ஹாஸ்ட் கணவாயில் இறங்கி, மேற்குக் கடற்கரையை அடைந்தோம். வறண்ட புல்வெளி முடிந்து மழைக்காடு தொடங்கியது. அப்பகுதியில் ஒரே நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய ஒற்றைத் தடப் பாலங்கள் பல உண்டு. ஹாஸ்ட் ஆற்றின்மேல் இருப்பது 700 மீட்டருக்கும் அதிக நீளம். எதிர்வருகிறவர்கள் ஒதுங்கி நிற்க நடுவே இடம் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பாலத்தின் முகப்பிலும் ஒரு பலகை. அதில் இரண்டு அம்புக்குறிகள். எவருடைய திசையில் சிறிய சிவப்பு அம்பு இருக்கிறதோ, அவர் நின்று வழிவிடவேண்டும்.

பெயர் நினைவில்லாத ஒரு சிறு பாலத்தின் அருகே வந்தபோது, எதிரே தூரத்தில் ஒரு கார் தெரிந்தது. நான் மும்பைக்காரன் அல்லவா? "போ, போ, நாம்தான் முந்தி வந்தோம்" என்றேன்.

மகன் வண்டியை நிறுத்திவிட்டான். "பொறுங்கள் அப்பா. சிவப்பு அம்பு நம் பக்கம்" என்றான்.

கார் கடந்துபோனது. அதை ஓட்டிய முதியவர் கையை உயர்த்தி நன்றி சொன்னார். எல்லாம் அரை நிமிடம்கூட ஆகவில்லை. நானோ நான்கு ஆண்டுகளாக ஒரு பாலத்தின் முகப்பில் நின்று, என் மகனே பின்வாங்கவேண்டும் என்று காத்திருந்தவன். சிவப்பு அம்பு யார் பக்கம் இருந்தது என்று ஒருமுறையேனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றிரவு தங்கிய முகாமில், கழிப்பறைத் தொட்டியை அதற்கென்று அமைத்த இடத்தில் காலிசெய்யும் முறை எங்களுடையது. வழக்கமாய் மகன் ஒருவனே செய்வான். அன்று நான் கைப்பிடியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். கைகழுவும்போது, "அன்று நான் உன்னை வழிமறித்தேன். அது தவறு" என்றேன்.

அவன் சற்றுநேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் சொல்லாமல்தானே டிக்கெட் எடுத்தேன், அப்பா" என்று சொல்லி, துண்டை என்னிடம் நீட்டினான். மணல்ஈக்கள் எங்களை மொய்த்துக் கடித்ததால், அதற்குமேல் அங்கே நிற்கவும் முடியவில்லை.

இப்படிப்பட்ட பயணம் செல்ல விரும்புவோருக்கு இரண்டொரு வார்த்தை. அங்கும் நம் நாட்டைப்போல் இடப்பக்கமே வண்டி ஓட்டவேண்டும். ஆயினும் மலைப்பாதைகள் குறுகலானவை. நாளொன்றுக்கு இருநூறு கிலோமீட்டர் போதும். பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி வழிவிடுங்கள். கண்ட இடத்தில் இரவு தங்கக்கூடாது. முகாம்களை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆர்தர்ஸ் கணவாய் வழியாகக் கிறைஸ்ட்சர்ச் திரும்பி, வண்டியைக் கழுவி ஒப்படைத்தோம். அன்றிரவு மகன் தன் வீட்டில் எங்களுக்கென்று ஒரு தனி அறை ஒழுங்குபடுத்தியிருந்தான். விளக்கை அணைக்கும்முன் நான் கதவைச் சாத்த எழுந்தேன். "திறந்தே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. அடுத்த அறையில் பிள்ளைகள் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.