பாட்டி ஏறின படகு

மேற்கு மாம்பலத்துக்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? நல்ல மழை பெஞ்ச அன்னிக்கு துரைசாமி சப்வே பக்கம் வந்து பாருங்க, தெரியும். ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல.

போன மாசம் செமஸ்டருக்குப் படிக்கிறேன்னு (நம்புங்க மக்களே!) கதவைச் சாத்திக்கிட்டு ஒரு வீடியோ பார்த்தேன். வயசான தம்பதி ஒண்ணு, வீட்டை வித்துட்டு ஒரு படகை வாங்கி ஹாலந்துல ஆரம்பிச்சு ஜெர்மனி வழியா கால்வாய் கால்வாயா போறாங்க. அவசரமே இல்ல. நம்ம ரங்கநாதன் தெரு கூட்டம்கூட இவங்களை முந்திடும். வழியில 'லாக்'னு ஒண்ணு வருது. ரெண்டு பக்கமும் கதவு வெச்ச தொட்டி. படகு உள்ளே போனதும் கதவைச் சாத்தி தண்ணியை விடறாங்க, படகு லிஃப்ட் மாதிரி மேல ஏறுது. அந்தப் பக்கக் கதவைத் திறந்தா அடுத்த மட்டத்துத் தண்ணி. 1992ல திறந்த ரைன்-மைன்-டான்யூப் கால்வாய்ல இப்படி 16 லாக் இருக்கு. கடல் மட்டத்துக்கு 406 மீட்டர் மேல வரைக்கும் படகை ஏத்தி இறக்குது. சிவில் எஞ்சினியரிங் படிக்கிற எனக்கே வாய் பிளந்துடுச்சு.

பக்கத்துல உக்காந்து வெத்தலை இடிச்சிட்டிருந்த பாட்டி எட்டிப் பார்த்துட்டு சொன்னாங்க: "இது தெரியாதா? கதவைச் சாத்தி தண்ணி விடுவான். எங்க படகும் இதுல நின்னிருக்கு."

எனக்கு சுரீர்னு இருந்துச்சு. ஏன்னு சொல்றேன். கொசுவத்திச் சுருளைச் சுத்திக்குங்க.

2015 டிசம்பர். எனக்கு பத்து வயசு. அடையாறு பொங்கி எங்க தெருவுக்குள்ள வந்து, தரைத் தளம் முழுகிப் போச்சு. கடற்கரையிலேர்ந்து மீனவ அண்ணன்கள் படகைக் கொண்டாந்து எங்களை மீட்டாங்க. ஸ்கூட்டர் போற தெருவுல படகு போகுது. எல்லாரும் பயந்து போயிருக்கோம். பாட்டி மட்டும் படகோட விளிம்பைத் தடவிக்கிட்டே, "மயிலாப்பூர்ல ஏறி கோவளம் வரைக்கும் இதுல போயிருக்கேன்"னாங்க. மயிலாப்பூர்ல படகா? நான் சிரிச்சேன். வெள்ளத்துல பாட்டிக்கு மூளை கலங்கிடுச்சுன்னு அப்பாகிட்ட சத்தமாவே சொன்னேன். பாட்டி அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. பத்து வருஷமா எடுக்கல.

இப்போ வீடியோவை நிறுத்திட்டுத் தேட ஆரம்பிச்சேன். நம்ம பக்கிங்ஹாம் கால்வாய்தாங்க! 1806ல சென்னையிலேர்ந்து எண்ணூர் பக்கம் வெட்ட ஆரம்பிச்சது. அப்போ பேரு கொக்ரேன் கால்வாய். 1837ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. வடக்கே பெத்தகஞ்சம், தெற்கே மரக்காணம்னு சுமார் 420 கி.மீ. நீண்டுச்சு. அங்கேர்ந்து கிருஷ்ணா, கோதாவரி கால்வாய்களைப் பிடிச்சா காக்கிநாடா வரைக்கும் போயிடலாம். ஆறு குறுக்கிடற இடங்கள்ல லாக். நெல்லு, உப்பு, விறகு எல்லாம் படகுலதான் சென்னைக்கு வந்துச்சு. வடக்கே போற வழியில பழவேற்காடு. 1613லயே டச்சுக்காரங்க கோட்டை கட்டின ஊரு. ஹாலந்தைத் தேடி நான் வீடியோ பார்க்கிறேன், அவங்க நம்ம தண்ணிக்கே வந்திருக்காங்க!

நகரத்துக்குள்ள கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற துண்டு மட்டும் ரொம்ப நாள் விட்டுப் போயிருந்துச்சு. அதை வெட்டினது 1877-78ல, தாது வருஷப் பஞ்சத்துல. பட்டினியில ஊரை விட்டு வந்த ஜனங்களுக்கு நிவாரண வேலைன்னு மண் வெட்டக் கொடுத்தாங்க. வெட்டினவங்க பேரு ஒண்ணுகூட நமக்குத் தெரியாது. கால்வாய்க்கு கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு பேரை வெச்சாங்க.

பாரதிதாசன்கூட இந்தக் கால்வாய்ல மாமல்லபுரம் போனதை 'மாவலிபுரச் செலவு'ன்னு பாட்டாவே எழுதியிருக்கார். அப்புறம் லாரியும் ரயிலும் சரக்கை எடுத்துக்கிச்சு, 1960கள்ல புயல் அடிச்சு கரை சிதைஞ்சுது, சாக்கடை கலந்துச்சு. கடைசியில தண்ணிக்குள்ளயே தூண் நட்டு பறக்கும் ரயில் விட்டாங்க. 1997ல திருமயிலை வரைக்கும் வந்துச்சு. 2008ல இந்தக் கால்வாயையும் சேர்த்து தேசிய நீர்வழி எண் 4ன்னு அறிவிச்சாங்க. நகரத்துக்குள்ள அந்தத் தூண்களுக்கு நடுவுல படகு எப்படிப் போகும்னு எனக்கு விளங்கல.

ஆக, பாட்டி சொன்னது அத்தனையும் நிஜம். கலங்கினது என் மூளைதான்.

போன ஞாயித்துக்கிழமை ஆட்டோ பிடிச்சு, லஸ் பக்கம் மெட்ரோ பள்ளத்தை எல்லாம் சுத்திக்கிட்டு பாட்டியைத் திருமயிலை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்பல்லாம் அவங்களுக்கு மறதி. சில நாள் என்னை அப்பா பேரு சொல்லித்தான் கூப்பிடறாங்க. கால்வாய் ஓரமா நிறுத்தினேன். கறுப்புத் தண்ணி, பிளாஸ்டிக், நாத்தம். ஏன்டா கூட்டிட்டு வந்தோம்னு ஆயிடுச்சு.

பாட்டி மூக்கை மூடல. தூண்களுக்கு நடுவுல ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இங்கதான் சவுக்கு விறகு இறக்குவான். இறக்கிட்டுக் காலியா திரும்பறப்போ எங்கப்பா பேசி எங்களை ஏத்தி விட்டார். காத்து இல்லேன்னா ரெண்டு பேர் கரையில நடந்து கயித்தால இழுப்பாங்க. எனக்கு ஒம்பது வயசு."

"பாட்டி, அன்னிக்கு நான் சிரிச்சேனே..."

"என்னிக்கு?"

வெள்ளத்தையே மறந்துட்டாங்க. படகு மட்டும் ஞாபகம் இருக்கு. நான் கேட்க வெச்சிருந்த மன்னிப்பை வாங்கிக்க அங்க ஆள் இல்ல.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டு எடுத்து வெச்சிருக்கேன். தினமும் ராத்திரி பாட்டி சொல்றதை அப்படியே எழுதறேன். நேத்து கோவளத்துல இறங்கினது வரைக்கும் வந்திருக்கு. உங்க வீட்டுலயும் யாராவது நம்ப முடியாத மாதிரி ஏதாவது சொன்னா, சிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தேடிப் பாருங்க.

சரி, பாட்டி கூப்பிடறாங்க. அப்பா பேரு சொல்லித்தான். போயிட்டு வரேன்.