கச்சானும் ஒரு பிடி சோறும்

சீனி வருத்தம் என்றறிந்த பின் என் கோப்பையில் சோறு ஒரு பிடிதான். மீதி மீன், முட்டை, கீரை. "சோறு தின்னாம எப்பிடி மகன் பொத்துவில் மட்டும் சைக்கிள் மிதிக்கிற?" என்று உம்மா கேட்டா. நியாயமான கேள்வி. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாப்பொருள் ஏறத்தாழ அரைக் கிலோதான். இரண்டு மணி நேரம் கடுமையாக மிதித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கொழுப்போ மெலிந்தவனிடமும் கிலோக் கணக்கில் கிடக்கிறது.

1983இல் ஸ்டீபன் ஃபின்னி 5 சைக்கிளோட்ட வீரர்களுக்கு 4 வாரம் மாப்பொருளை அறவே குறைத்துப் பார்த்தார். அவர்கள் களைக்கும் வரை மிதித்த நேரம் சராசரியில் குறையவில்லை. ஐந்தே பேர்தான்! 2017இல் லூயிஸ் பேர்க் வேகநடை வீரர்களிடம் கண்டது வேறு: கொழுப்பை எரிக்கக் கூடுதல் ஒட்சிசன் செலவாகிறது; பயிற்சியால் வரவேண்டிய வேகம் வரவில்லை.

இரண்டும் உண்மை என்கின்றன என் கால்கள். முதல் வாரங்களில் கால் ஈயமாய்க் கனத்தது. இப்போது அக்கரைப்பற்றிலிருந்து சமதரையில் மெதுவாய் மிதிக்க முட்டையும் உப்பிட்ட தண்ணீரும் போதும். கச்சான் எதிர்த்து வீசினால் மட்டும் கொழுப்பு பிந்திவிடுகிறது. அதற்கென்று சட்டைப் பையில் நாலு பேரீத்தம்பழம். மருந்து பாவிப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது. நடுவழியில் சீனி சடுதியாக இறங்கிவிடலாம்.