59,995

2018-ல் டெட்ராய்ட் பக்கத்துப் புறநகர் ஒன்றில், கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரருக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் மேசையில் குடும்பப் படம் கிடையாது. உடம்பு முழுக்க கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டிய ஒரு காரின் மங்கலான படம் இருந்தது. சோதனை ஓட்டத்தின்போது யாரோ தூரத்திலிருந்து எடுத்தது. எட்டாம் தலைமுறை கார்வெட்.

அந்தக் கார் வருமா வராதா என்ற பேச்சுக்கு என்னைவிட வயது அதிகம். கார்வெட்டின் தலைமைப் பொறியாளராக இருந்த ஸோரா அர்கஸ்-டன்டாவ், எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். 1960-லேயே அப்படி ஒரு சோதனைக் காரைச் செய்து காட்டினார். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. 1996-ல் அவர் இறக்கும்வரை கடைக்கு வந்த எல்லாக் கார்வெட்டிலும் எஞ்சின் முன்னால்தான். "பையனா இருந்தப்பவே அடுத்த வருஷம் வருதுன்னு படிச்சேன். இன்னும் அடுத்த வருஷம்தான்" என்பார் பக்கத்து இருக்கைக்காரர்.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் படம்தான். சக்கரத்தின் அளவை உத்தேசமாக வைத்துக்கொண்டு ஸ்கேலால் மற்றதையெல்லாம் அளப்போம். பின்பக்கம் ஏன் இவ்வளவு நீளம்? குளிர்விக்க இடம் வேண்டுமே என்று நான் சொன்னேன். "கோல்ஃப் பை. இதை வாங்குறவங்க எல்லாம் என் வயசுக்காரங்க. ரெண்டு கோல்ஃப் பை உள்ள போகலைன்னா எவனும் வாங்க மாட்டான்" என்றார். பின்னால் அதுவே சரியாகிவிட்டது.

விலையில்தான் சண்டை. அப்போது விற்ற கார்வெட் சுமார் 56,000 டாலரில் தொடங்கியது. எஞ்சினை நடுவில் வைத்த அக்யூரா என்எஸ்எக்ஸ் 1,50,000-க்கும் மேல். புது உடல், புது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், எல்லாவற்றுக்கும் யாராவது காசு கொடுக்க வேண்டுமே. வெள்ளைப் பலகையின் மூலையில் நான் 85,000 என்று எழுதினேன். அவர் 79,000 என்று எழுதி, பக்கத்தில் "அழிக்காதீர்கள்" என்று சேர்த்தார். "எப்படிப் போட்டீங்க?" என்றேன். "எனக்கு எவ்வளவு கட்டுப்படியாகும்னு பார்த்தேன். அதுக்கு மேல கொஞ்சம் வச்சேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அவர் தானாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். படத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். பலகையில் இரண்டு எண்கள் மட்டும் இருந்தன.

2019 ஏப்ரலில் அதே சுழிகளோடு அந்தக் கார் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஓடியது. கதவில் ஜூலை 18 என்று தேதி எழுதியிருந்தது. அந்த நாள் கலிஃபோர்னியாவில் திரையை விலக்கினார்கள். 6.2 லிட்டர் வி8, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். டன்டாவின் சோதனைக் காருக்கு 59 வருஷம் கழித்து. ஆரம்ப விலை 60,000-க்குக் கீழே என்றார்கள். அடுத்த மாதம் சரியான எண் வந்தது. 59,995.

உடனே அவருக்கு போன் செய்தேன். "ரெண்டு பேரும் தோத்துட்டோம்!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எண்பதாயிரம்னு நினைச்சவரைக்கும் நிம்மதியா இருந்துச்சு. வாங்காததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. இப்ப அது போச்சு. உண்மையிலேயே எனக்கு அந்தக் கார் வேணுமான்னு இனிமேதான் யோசிக்கணும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிறுதோறும் அம்மா போனில் "எப்பப்பா ஊருக்கே வருவ?" என்று கேட்பாள். "இப்ப வந்தா கட்டுப்படியாகாதும்மா" என்பேன். ஐந்து வருஷமாக ஒரே பதில். மங்கலான ஒரு படத்தில் காரின் பின்பக்கத்தை அங்குலக் கணக்கில் அளந்தவன், இந்தக் கணக்கை ஒருநாளும் காகிதத்தில் போட்டுப் பார்த்ததில்லை. கட்டுப்படியாகும் தொகைக்கு மேலே கொஞ்சம் வைத்து நானாகவே ஒரு விலை எழுதியிருந்தேன். யாரும் அழித்துவிடக் கூடாது என்றும் பார்த்துக்கொண்டேன்.

சின்ன வயதில் கோவில்பட்டி ஜவுளிக்கடை வாசலில் அம்மா தயங்கி நிற்பாள். அப்பா உள்ளே தள்ளிக்கொண்டு போவார். "விலை கேக்குறதுக்கு காசு கிடையாது, வா" என்பார். கேட்ட பிறகு வேண்டாம் என்று அம்மா திரும்பி வந்த நாளும் உண்டு. அப்போது முகத்தில் ஏக்கம் இருக்காது.

அந்த ஞாயிறு காலை சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். சென்னையில் கிடைக்கக்கூடிய சம்பளம், வீட்டு வாடகை, பள்ளிக்கட்டணம், மிச்சமிருக்கும் கல்விக்கடன், அப்பாவின் மருந்துச் செலவு. கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். நான் பயந்ததில் பாதிகூட வரவில்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வயிற்றில் என்னவோ பிசைந்தது.

அம்மா போன் செய்தாள். அதே கேள்வி. முதல்முறையாக அந்தப் பழைய பதில் வாயில் வரவில்லை.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். இத்தனை நாள் நான் யோசிக்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்திருக்கும்.