பத்து ஸ்பிரிங்க்ளர்கள் நிறுத்திய தீ

சினிமாவில் ஹீரோ லைட்டரைக் கூரைப் பக்கம் நீட்டுவார். அடுத்த நொடி மாடி முழுக்க மழை கொட்டும். பார்க்க ஜோர்தான். ஆனால் மால்களிலும் ஆபீஸ்களிலும் நம் தலைக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்க்ளர்கள் பெரும்பாலும் அப்படி வேலை செய்வதில்லை.

அண்ணாந்து பார்த்தால், அதன் நடுவில் சுண்டுவிரலைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடிக் குமிழ் தெரியும். உள்ளே சிவப்புத் திரவம். சூடு 68 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் திரவம் விரிந்து கண்ணாடியை உடைக்கும். குழாயை அடைத்திருந்த மூடி விழ, தண்ணீர் ஒரு தகட்டில் மோதிக் குடைபோல விரியும். குமிழ் உடைய கரன்ட்டும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். வெறும் புகைக்கு அது அசையாது. சூடு பட்டது மட்டுமே திறக்கும். பக்கத்து அறையில் இருப்பது சும்மா இருக்கும்.

இத்தனூண்டு கண்ணாடி என்ன செய்துவிடும்?

1991 பிப்ரவரி 23. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம். எண்ணெய் துடைத்துவிட்டுப் போட்டிருந்த துணிகள் தானாகவே சூடேறி, 22-வது மாடியில் தீப்பிடித்தது. அங்கே ஸ்பிரிங்க்ளர் இல்லை. கரன்ட் போனது. ஹோஸ்களில் தண்ணீர் வேகமாக வரவில்லை. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் புகையில் சிக்கி உயிரிழந்தார்கள். கட்டடம் இடிந்துவிடுமோ என்று பயந்து மற்றவர்களையும் வெளியேற்றிவிட்டார்கள். தீ மாடி மாடியாக ஏறியது.

30-வது மாடியில் ஸ்பிரிங்க்ளர் இருந்தது. கீழே நின்ற தீயணைப்பு வண்டிகள் தண்ணீரை மேலே ஏற்றின. பத்தே பத்து குமிழ்கள் உடைந்தன. தீ அங்கேயே நின்றது.

எல்லாத் தீக்கும் தண்ணீர் சரிப்படாது. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அடியில் போய் ஆவியாகி, எரியும் எண்ணெயை அப்படியே வாரியிறைக்கும். வீட்டுக் கடாயில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு மூடி போடச் சொல்வது அதனால்தான். பெரிய ஹோட்டல் கிச்சன்களில் ஒருவகை ரசாயனக் கரைசல் தெளிக்கப்படும். அது சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரையாகிப் படர்ந்து, எண்ணெய்க்குக் காற்றே கிடைக்காமல் செய்துவிடும். சோப்பு காய்ச்சத் தெரிந்த பாட்டிகளுக்கு இந்த ரசாயனம் புதுசு இல்லை! சர்வர் அறைகளில் பல இடங்களில் வாயுதான். அதிலும் கார்பன் டை ஆக்ஸைடு என்றால் ஆக்சிஜனை விரட்டித் தீயை அணைக்கும். உள்ளே இருப்பவருக்கும் மூச்சு முட்டும். அதனால்தான் முதலில் அலாரம் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் லேப்டாப்பைத் தேடக் கூடாது, ஓட வேண்டும்.

இவ்வளவு இருந்தும் கெடுப்பது சின்ன விஷயங்கள். குடோனில் ஸ்பிரிங்க்ளரை இடிக்கிற அளவுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்குவார்கள். தண்ணீர் விரிய இடமிருக்காது. பெயின்ட் அடிப்பவர் குமிழுக்கும் சேர்த்து ஒரு கோட் கொடுப்பார். ஸ்பிரிங்க்ளர் இருந்தும் வேலை செய்யாத தீ விபத்துகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அதிகம் அகப்பட்ட காரணம் ஒன்றுதான்: தண்ணீர் வரும் வழியை யாரோ முன்பே மூடி வைத்திருந்தார்கள்.