தொழுகைக்கு விடை கேட்டோம், நோய்க்குக் கேட்கவில்லை



பூதலூரில் கல்லணைக் கால்வாய்க்கு அருகே எங்கள் வீடு. அம்மாவுக்கு 60 வயது. மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஒரு ரமளானில், நோன்பின் நடுவே மீண்டும் உதிரம் கண்டது. அம்மா முதலில் கவலைப்பட்டது உடலைப் பற்றியன்று. தொழலாமா, நோன்பு கூடுமா என்பதைப் பற்றித்தான்.

பெண்கள் மதரஸாவின் ஆலிமாவிடம் கேட்டோம். இது ஹைளு அன்று, இஸ்திஹாளா. ஒவ்வொரு வேளைக்கும் உளூச் செய்து தொழுங்கள், நோன்பையும் விடாதீர்கள் என்றார். அம்மா நிம்மதியடைந்தார். இஸ்திஹாளா என்றால் அது வழக்கமான உதிரம் அன்று என்பதே பொருள். அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது? அந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

வெட்கம் ஒரு காரணம். கைவைத்தியத்தின் மீதிருந்த நம்பிக்கை மற்றொன்று. நாட்டு மருந்துக் கடையில் அசோகப்பட்டை வாங்கிக் கஷாயம் வைத்தோம். கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தோம். உதிரம் நிற்கும், அல்ஹம்துலில்லாஹ் என்போம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் வரும். இப்படி ஐந்து மாதங்கள் கழிந்தன.

பிறகுதான் தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்குச் சென்றோம். ஸ்கேனில் கருப்பையின் உட்சவ்வு தடித்திருந்தது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கருப்பையை அகற்றினார்கள். அதன்பின் ஊசி வழியே மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்.

அந்த மருந்தின் பெயர் பாக்லிடாக்செல். அதைப் பற்றிப் படித்தபோது வியந்துபோனேன். அதுவும் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தார்கள். மன்றோ வால், மன்சுக் வாணி என்ற இரு அறிவியலாளர்கள் அதிலிருந்த சேர்மத்தைப் பிரித்து, அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது 1992இல். முதலில் சினைப்பைப் புற்றுநோய்க்கு. புற்றுச் செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழல்களை அது அசையவிடாமல் நிறுத்திவிடுகிறது. பட்டையிலிருந்து மருந்து வரை முப்பது ஆண்டுகள்! எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் சோதித்தறிய அத்தனை காலம் பிடித்தது.

எங்கள் வீட்டுக் கஷாயத்துக்கு அந்தச் சோதனை எதுவும் இல்லை. அசோகப்பட்டை அதிக உதிரப்போக்குக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது உண்மை. ஆனால் உண்மையான அசோக மரம் அருகி வருகிறது. நெட்டிலிங்கப் பட்டையை அசோகப்பட்டை என்று விற்பதும் உண்டு. நாங்கள் கொதிக்க வைத்தது எது என்று இன்றுவரை தெரியாது. மஞ்சளிலும் பச்சைத் தேயிலையிலும் உள்ள சேர்மங்களைக் கருப்பை நோய்களுக்காக ஆராய்ந்து வருகிறார்கள். சோதனைக் குழாயில் செல்லைத் தடுப்பது வேறு, ஒரு தாயின் உடலில் நோயைக் குணப்படுத்துவது வேறு.

கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அதன் சொல் பொதுவானதாயினும் கருத்து எல்லா நோய்க்கும் பொருந்துவதன்று என்று இமாம் கத்தாபி போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே அண்ணலார் (ஸல்) பணித்தார்கள். மருந்தைத் தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று.

வெட்கத்துக்கும் நம் முன்னோரிடம் விடை இருக்கிறது. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) தம் ஓயாத உதிரப்போக்கைப் பற்றி அண்ணலாரிடமே நேரில் கேட்டார்கள். மார்க்கத்தை அறிய வெட்கம் தடையாகாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) புகழ்ந்தார்கள்.

சகோதரிகளே, நாம் நாள் எண்ணப் பழகியவர்கள். ஹைளின் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் 10 நாள், ஷாஃபியில் 15 நாள். தொழுகைக்காக எண்ணும் அதே எண்ணிக்கை நோயையும் காட்டித் தரும். அளவு கடந்து தொடர்ந்து வந்தாலோ, விடாய் நின்றபின் ஒரு துளி கண்டாலோ, ஆலிமாவிடம் கேட்ட அன்றே மருத்துவரிடமும் செல்லுங்கள். பெரும்பாலும் அஞ்சத்தக்க காரணம் இராது. இருந்தால், தொடக்கத்திலேயே தெரிவது பெரும் அருள். என்ன கஷாயம் குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அம்மா இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். அந்த ஐந்து மாதங்களை நினைக்கும்போதெல்லாம் இஸ்திஃபார் செய்கிறேன். நோயுற்ற தாய்மார் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.